இருபது கிலோ நானூறு கிராம்

எரிபொருளையும் சேர்த்து இருபது கிலோவைத் தாண்டும் ஆளில்லா விமானம் எதையும் எழுத்து மூலமான அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. முழுமையான விண்ணப்பங்களுக்குப் பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்.

முதல் வாக்கியம் விதி. இரண்டாவது, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த வாடிக்கையாளர் சாசனத்தில் இருந்தது. நான் முப்பத்து மூன்று வருடம் அரசாங்க வேலை பார்த்தவன். அது வேறொரு இலாகா. இம்மாதிரிச் சாசனங்களை எழுதும் குழுவில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். ‘முழுமையான’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது இரண்டு முறையும் நான்தான். அந்தச் சொல் இருந்தால் எந்தக் கடிதத்தையும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் மேசையில் வைத்திருக்கலாம். இவ்வளவும் தெரிந்த நான் அந்தப் பதினான்கு நாட்களை நம்பினேன். எப்படி நம்பினேன் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

விமானம் என் மனைவியின் தம்பியுடையது. கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர் அவர். இருபது வருடமாக ரிமோட்டில் சின்ன விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். பெரியதாக ஒன்றைத் தன் கையால் கட்டிப் பறக்கவிட வேண்டும் என்ற ஆசையைப் பிள்ளைகள் படித்து முடிக்கட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, ஓய்வுபெற்ற பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தார். ஆள் படுக்கலாம் அந்தப் பெட்டியில். உள்ளே வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், கட்டுக்கட்டாகப் பால்சா மரப் பட்டைகள், கண்ணாடி இழையில் செய்த எஞ்சின் மூடி, சுருட்டி வைத்த வரைபடத் தாள்கள். துண்டுகளில் எண் இருந்தது. வரைபடத்திலும் எண் இருந்தது. இரண்டும் பொருந்தவில்லை. அப்போதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது.

“மச்சான், சும்மாதானே உக்காந்திருக்கீங்க? வந்து இதுக்கு ஒரு ஃபைல் போட்டுக் குடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். வாரம் இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய், அவர் வீட்டுப் போர்ச்சில் உட்கார்ந்து, துண்டு துண்டாகப் பட்டியல் எடுத்தேன். அவருடைய கார் மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் வெளியே நின்றது. விமானம் கூரைக்குக் கீழே இருந்தது.

அது பஃபலோ. ஜப்பான்காரன் வந்தபோது மலாயாவைக் காக்க நிறுத்தி வைத்திருந்த சண்டை விமானம். காக்கவில்லை. குட்டையாக, வயிறு பருத்து, மூக்கு மழுங்கி, பீப்பாய்க்கு இறக்கை ஒட்டியதுபோல் இருக்கும். எல்லாரும் ஸ்பிட்ஃபயர் கட்டும்போது இது எதற்கு என்று கேட்டேன்.

“ஸ்பிட்ஃபயரு வெள்ளைக்காரன் வீட்டக் காப்பாத்த வச்சுக்கிட்டது. நமக்கு அனுப்புனது இதுதான். நம்மளோடத நாம கட்டுவோம்லா” என்றார்.

உண்மையான விமானத்தில் நான்கில் ஒரு பங்கு. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு எட்டே முக்கால் அடி. வேலை இரண்டாவது வருடத்தை எட்டியபோது அவர் பசை தடவுவதைக் கவனித்தேன். பார்க்காமல், விரலால் தடவிப் பார்த்தே ஒட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு அடுத்த துண்டை எடுத்துத் தரச் சொன்னார். என் மனைவிதான் வீட்டில் சொன்னாள். கண்ணில் அழுத்தம். வலது கண்ணில் ஓரங்கள் போய்விட்டன. இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடலாம், எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அடுத்த முறை போனபோது அவரே பேச்சை எடுத்தார். “ஒரே ஒரு தடவ மச்சான். ஏத்தணும், மைதானத்த ரெண்டு சுத்து சுத்தணும், எறக்கணும். அதுக்கு மேல கண்ணு இருந்தா என்ன, போனா என்ன.”

எங்கள் இருவரில் ஓட்டத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். நானும் முயன்று பார்த்திருக்கிறேன். விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான். நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும். அந்த மாற்றம் என் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை.

எனக்கும் கட்டும் வேலையில் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டேன். பாரம் தாங்கும் எதிலும் என் கை படக் கூடாது என்று யோசித்து, விமானி உட்காரும் அறையை என்னிடம் ஒப்படைத்தார். அதை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து எட்டு மாதம் செய்தேன். பழைய புகைப்படங்களைப் பார்த்து ஒவ்வொரு மானியையும் ஒவ்வொரு பொத்தானையும் வைத்தேன். பால் டின் தகரத்தில் இருக்கை. என் பழைய அலுவலகப் பையின் தோலை வெட்டி இடுப்புப் பட்டை. களிமண்ணில் ஒரு விமானி, மீசையோடு.

“பேரப்புள்ள சட்டைக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. பொம்மைக்கு பெல்ட்டு தைக்கிறாரு” என்று என் மனைவி தன் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

எல்லாம் சேர்த்து எழுநூறு கிராம் வந்தது. அது எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. விமானத்தை இறக்கையில் குறித்திருக்கும் ஓரிடத்தில் விரல் வைத்துத் தாங்கினால் அது சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் அந்த விமானம் பறக்கும் இனத்தில் சேராது. என் அறை அந்த இடத்துக்குப் பின்னால் இருந்தது. பஃபலோவுக்கோ மூக்கு குட்டை. ஆகவே நான் பின்னால் வைத்த எழுநூறு கிராமைச் சரிக்கட்ட முன்னால் ஏறக்குறைய அதே எடை ஈயத்தைத் திணிக்க வேண்டியிருந்தது. துறைமுகப் பக்கம் தூண்டில் சாமான் கடையில் ஈயக்குண்டுகளை வாங்கி, எஞ்சினைச் சுற்றி வைத்து இறுக்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எடை பார்க்கக் கிள்ளானில் அவருக்குத் தெரிந்த அரிசிக் கடைக்குக் கொண்டுபோனோம். டாங்க்கில் பெட்ரோல் ஊற்றித்தான் நிறுக்க வேண்டும், விதி அப்படி என்றேன். கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளை நகர்த்தி இடம் விட்டார்.

“அங்கிள், நாளைக்கி எவனாச்சும் பச்சரிசியில பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு வந்தா ஒங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.”

இருபது கிலோ நானூறு கிராம். இறக்கி வைத்து மறுபடியும் ஏற்றினோம். இருபது கிலோ நானூறு கிராம்.

“பத்தொம்போதுன்னு எழுதுங்க மச்சான்” என்றார் மைத்துனர். “தராச எடுத்துக்கிட்டு எவன் மைதானத்துக்கு வரப்போறான்?”

“நான் பாத்துட்டேனே.”

“நீங்க பாத்தது எனக்கும் இந்த அரிசி மூட்டைக்கும்தானே தெரியும்?”

நான் இருபது கிலோ நானூறு கிராம் என்றே எழுதினேன். அவர் விமானத்தின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “ஒங்க பொம்மையையும் அந்தப் பொட்டியையும் கழட்டிட்டா? அதுக்கு வச்ச ஈயமும் போயிரும். பத்தொம்போதுக்கு வந்துரும்” என்றார்.

அது சரியான கணக்கு. அன்றே கழற்றியிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் பறக்கவிட்டிருப்பார். நான் என் மீசைக்கார விமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

“சரி விடுங்க” என்றார் அவர். “லெட்டர் போடுங்க. அதுல ஒங்கள அடிச்சுக்க ஆளு கெடையாது. பதினாலு நாளுதானே?”

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்த முதல் வேலை நாளில் விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு இணைப்புகள், உள்ளடக்கப் பட்டியல், பக்க எண். முகப்பில் இருந்த பெண் அதைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவந்ததில்லை என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு நகலை மைத்துனர் உறுப்பினராக இருந்த விமானக் கிளப்பின் செயலாளருக்கும் அனுப்பியிருந்தேன். பந்திங்கைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு புல்வெளி. அதுதான் கிளப்பின் மைதானம். இருபது கிலோவுக்கு மேல் என்று தன் கையில் காகிதம் வந்துவிட்டபடியால், பதில் வரும்வரை பஃபலோவை உள்ளே விட முடியாது என்று செயலாளர் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பதினான்கு வேலை நாட்கள் முடிந்தன. பதினைந்தாவது நாள் தொலைபேசியில் கேட்டேன். “டாலாம் திண்டாக்கான்” என்றார் ஓர் அதிகாரி, மிக மரியாதையாக. நடவடிக்கையில் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் இன்னும் தொடவில்லை என்பதற்கு மலாயில் அதுதான் வாக்கியம். நானும் பல வருடம் அதே குரலில் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருந்தது. மே மாதம் அந்தப் பிரிவின் அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். ஜூனில் ஒரு மின்னஞ்சல் வந்தது: விண்ணப்பப் படிவம் மாறிவிட்டது, புதிய படிவத்தில் மறுபடியும் விண்ணப்பிக்கவும்.

புதிய படிவத்தில் ஒரு பத்தி கூடியிருந்தது. விமானத்தை இயக்குபவர், கண்ணாடியுடனோ கண்ணாடி இல்லாமலோ, போதிய பார்வை உடையவர் என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். ஒரு சாட்சியும் வேண்டும்.

கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பத்தியை நிதானமாகப் படித்துக் காட்டினேன். அவர் பேனாவைக் கேட்டார்.

“எங்க போடணும்?”

“கீழ. கோடு இருக்கு பாரு.”

தலையை இடப்பக்கம் திருப்பி, பிறகு மேலும் கீழும் அசைத்து, கோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

“நல்ல சாட்சி” என்றார் கையெழுத்துப் போட்டபடி. “நானூறு கிராமுக்குப் பொய் சொல்ல மாட்டேன்னு நின்ன ஆளு.”

“போதியன்னுதான் போட்டிருக்கான் மாப்ள. எதுக்குப் போதியன்னு போடல.”

“இப்புடித்தான் முப்பத்து மூணு வருஷம் ஓட்டுனீங்களா?”

“இப்புடித்தான்.”

அவர் சிரித்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ரயிலில் திரும்பி வரும்போது மடியில் அந்த உறை இருந்தது. இதற்கு முன் தெரிந்தே பொய்யான ஒரு காகிதத்தில் நான் கையெழுத்திட்டதில்லை. அது அவ்வளவு சிரமமாக இல்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை, கை மறந்துவிடக் கூடாது என்று அவருடைய பழைய பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டு பந்திங் போனோம். நல்ல வெளிச்சம். காற்று இல்லை. ஏற்றும்போது எப்போதும்போல்தான் ஏற்றினார். மைதானத்தின் கோடியில், செம்பனை மரங்களுக்கு மேலே, விமானம் திரும்பியது.

“மச்சான், போகுதா வருதா?”

விளையாடுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

“வருது.”

“எந்தப் பக்கம் சாயுது? சீக்கிரம் சொல்லுங்க.”

“எடது” என்றேன். அது என் இடது. விமானத்தின் வலது. அவர் திருத்தினார், நான் சொன்னதை நம்பித் திருத்தினார். மரங்களுக்குள் விழுந்தது.

மரத்தடியெல்லாம் முள்மட்டை. தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இறக்கை ஒரு மட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கழுத்துப் பட்டையைக் கழற்றி ரிமோட்டை என் கையில் கொடுத்தார். “போதும் மச்சான்” என்றார். வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். இந்த வருடம் டுரியான் பழப் பருவம் பிந்திவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனபோது பஃபலோவைப் படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார். கிளப்பில் நன்றாக ஓட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

“ஓட்டுற ஆள மாத்துனா புதுசா விண்ணப்பம் போடணுமா?”

“போடணும்.”

“வேணாம். நீங்க மறுபடியும் பக்க நம்பர் போட ஆரம்பிச்சுருவீங்க.”

முறைப்படி அன்றே விண்ணப்பத்தை மீட்டுக்கொள்வதாக நான் ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஒரு கோப்பை அது கிடக்கும் இடத்திலேயே விடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த முறை அலுவலகத்துக்கு வெளியில் நின்று அப்படி விட்டேன்.

பிறகு பதில் வந்தது. ஒரே பக்கம். நல்ல மலாய், பிழை இல்லை. அவருக்குத் தொலைபேசியில் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அனுமதி அளிக்கப்படுகிறது. ஆறு மாதம் செல்லுபடியாகும். பெயர் குறிப்பிடப்பட்டவர் மட்டுமே இயக்கலாம். வேறொருவருக்கு மாற்ற முடியாது.

“கண்ணப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா?”

“போதிய பார்வை உள்ளவர்னு ஏத்துக்கிட்டாங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கச் சற்று நேரமாயிற்று. “பத்திரமா வைங்க மச்சான். அடுத்த மாசம் டாக்டர்கிட்டக் காட்டணும். கவர்மெண்டே சொல்லிருச்சு, நீ என்னய்யா சொல்றேன்னு கேக்கணும்.” பிறகு குரல் இறங்கி, “இன்னிக்கி என்ன தேதி?” என்றார்.

சொன்னேன். பேனாவை எடுத்துக் கடிதத்தின் வலது மூலையில் எழுதவும் செய்தேன்: பெறப்பட்டது, நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.