மூடிமேல் ஒட்டிய பிள்ளையார்

பதினேழு வருஷம் லாரி ஓட்டியபோது எட்டிப் பார்க்காத பயம், துளசிங்கத்துக்கு ஒரு சொகுசுக் காரில் டிரைவராக உட்கார்ந்த பிறகு வந்தது. தொண்ணூற்றேழில், மேற்குத் தாம்பரம் யக்ஞநாராயணன் சிங்கப்பூர் வேலையை விட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றி வந்த கார். அவர் மனைவி சாவித்ரி முதல் வெள்ளிக்கிழமையே, முன்சீட்டுக்கு எதிரே வழவழவென்றிருந்த ஒரு மூடியின் மேல் பித்தளைப் பிள்ளையாரை அழுத்தி ஒட்டிவிட்டாள். ஒன்றரை வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் உட்காருவாள். பெல்ட் பக்கமே கை போகாது.

டயருக்குக் காற்று பிடிக்கப் போன இடத்தில், பெருங்களத்தூர் மெக்கானிக் தசரதன் பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மச்சான், வெடிமருந்து மேல சாமிய குந்த வெச்சிகீற?"

"இன்னாடா சொல்ற?"

"இந்த மூடிக்குள்ள ஒரு பை மடிச்சிகீது. வண்டி எங்கனா பலமா மோதுனா மருந்து பத்திக்கும், கண்ணு சிமிட்றதுக்குள்ள பை உப்பிகினு வெளிய வரும். பெல்ட்டு போட்டுகினு தள்ளி ஒக்காந்தவனுக்கு மெத்தை. கொயந்தய மடியில வெச்சிகினு கிட்ட ஒக்காந்தா அதுவே எமன். புள்ளையாரும் மூஞ்சிக்கே பறந்து வருவாரு."

அன்றிலிருந்து துளசிங்கம் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. முன்னால் போகிற பஸ்ஸின் பிரேக் விளக்கு எரிந்தாலே கால் பிரேக்குக்குப் போனது. குழந்தை எட்டி எட்டிப் பிள்ளையாரின் தும்பிக்கையைப் பிடிக்கும்போதெல்லாம் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

"கட்டை வண்டியே நம்மள முந்திண்டு போறது, துளசிங்கம்" என்றாள் சாவித்ரி.

கேளம்பாக்கத்தில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய காலையில் அவன் வண்டியை எடுக்கவில்லை. தசரதன் சொன்னதையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னான்.

"சாமியை எடுக்கச் சொல்றியா? லாரி ஓட்டின தைரியமெல்லாம் எங்க போச்சு?"

"போயிடுச்சும்மா. பாப்பாவோட பின்னாடி ஒக்காருங்க. இல்லாட்டி இந்தாங்க சாவி, வேற ஆள் பாத்துக்குங்க."

சாவித்ரி சாவியைப் பார்க்கவில்லை. வேலையையே விடத் துணிந்தவன் முகத்தைப் பார்த்தாள். குழந்தையோடு பின்சீட்டில் ஏறினாள். பிள்ளையாரை அவனே கத்தியால் நெம்பி எடுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவளிடம் கொடுத்தான்.

மாம்பாக்கம் தாண்டியதும் ஒரு எருமை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தான். கார் அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றது. எருமை நிதானமாகக் கடந்து போனது.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லை, நீ போ" என்றாள் பின்னாலிருந்து சாவித்ரி.

அவனால் உடனே கியர் போட முடியவில்லை. இடது கை தானாகவே நீண்டு, காலியாக இருந்த முன்சீட்டின் குறுக்கே யாரையோ தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.