அக்கா காட்டிய கணவாய்

ஊரின் பெயரை இந்த முறையாவது சொல்லாமல் விடுகிறேன். தாம்பரத்துக்குத் தெற்கே, மாம்பாக்கம் தாண்டி, பாலாற்றுப் பக்கம் போகும் வழியில் உள்ள காட்டுக் குன்றுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே அதிகம்.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் சைக்கிள் வாங்கினேன். கிராவல் பைக் என்றார் கடைக்காரர். பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் தடிமனாக இருக்கும். தார் ரோட்டிலும் ஓடும், சரளைக் கல்லிலும் ஓடும். முதல் ஞாயிற்றுக்கிழமை சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் கோயில் வரை போய்த் திரும்புவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒரு வருஷத்தில் அகரம்தென், பொன்மார், மாம்பாக்கம் என்று நீண்டு, காட்டோரத்துச் செம்மண் பாதைகளில் எழுபது கிலோமீட்டர் ஓட்டப் பழகிவிட்டேன்.

தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு சைக்கிள் குழு உண்டு. எல்லாரும் என்னைவிட இளையவர்கள். மேடு வந்தால் அவர்கள் ஏறி முடித்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் மூச்சிரைக்க வந்து சேருவேன். "அண்ணா வந்துட்டாரு, கிளம்பலாம்" என்பார்கள். கேலி இல்லை, அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் எனக்கு அது உறுத்தும். அதனால் பல வாரங்கள் தனியாகவே போனேன்.

அப்படிப் போன ஒரு காலையில்தான் அக்காவைப் பார்த்தேன். குன்றின் அடிவாரத்தில் பாதை முடிந்துவிட்டது. வேலிக்கருவை முள் ஏறி டயர் பஞ்சர். நான் டியூப் மாற்றிக்கொண்டிருந்தபோது முப்பது வெள்ளாடுகளோடு அவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் துரட்டி.

"இன்னா சார், இந்தாண்ட ரோடு கெடையாதே. எங்க போவணும்?"

"ஆத்துப் பக்கம் போகலாம்னு பார்த்தேன்கா. திரும்பித்தான் போகணும் போல."

அவர் என் சைக்கிளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "இத்தத் தூக்கினு வர முடியுமா ஒன்னால? முடியும்னா என் பின்னாடி வா."

போனேன். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு கணவாய். ஓர் ஆள் போகிற அகலம்தான். காரைப் புதரும் ஈச்சம் புதரும் இரண்டு பக்கமும் நெருக்க, பாறை இடுக்கில் மட்டும் சைக்கிளைத் தோளில் தூக்கினேன். மற்ற இடமெல்லாம் ஓட்டலாம். உச்சியில் ஏறி நின்றபோது கீழே பாலாற்றுச் சமவெளி முழுதாகத் தெரிந்தது. வெள்ளை மணல், நடுவே ஒற்றைக் கோடாகத் தண்ணீர், பனை வரிசை. நாற்பது வருஷமாக தாம்பரத்தில் இருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் இது இருப்பது எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்து ஏரிப் புறம்போக்கில்தான் அவர் ஆடு மேய்ப்பார். கணவாய் வழியாகப் போனால் அரை மணி. குன்றைச் சுற்றி ரோட்டில் போனால் ஏழு கிலோமீட்டர்.

இறங்கும் முன் அவர் நின்றார். "சார், ஒன்னு சொல்றேன். இது ஃபாரஸ்ட்டுக்காரங்க எடம். நான் போய் வர்றத கண்டும் காணாம வுட்டிருக்காங்க. நாலு பேரு வந்தா அடைச்சிடுவாங்க. யாராண்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்கா."

ஐந்து மாதம் சொல்லவில்லை. அந்த ஐந்து மாதமும் பல ஞாயிறுகள் அங்கே போனேன். அவர் தூக்குவாளியிலிருந்து கூழ் ஊற்றித் தருவார். நான் கடலை உருண்டை வாங்கிப் போவேன். கணவர் போய்ச் சேர்ந்ததை, மகளை ஒரகடத்துப் பக்கம் கட்டிக்கொடுத்ததை, எந்த ஆடு திருடும் எந்த ஆடு ஏமாறும் என்பதை எல்லாம் சொல்வார். நான் கேட்டுக்கொண்டே கீழே தெரியும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் போகும் வழியை போனில் ஒரு செயலி பதிவு செய்யும். அந்த வழியை மட்டும் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்திருந்தேன். ஒரு நாள் குழுவோடு டிபன் சாப்பிடும்போது போனில் ஏதோ படம் காட்டப் போய், வரைபடத்தில் அந்த வழியின் கோடு அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது.

"அண்ணா, இது எங்க? ரோடே இல்லாத எடத்துல மலையைத் தாண்டியிருக்கீங்க?" என்றான் குழுவிலேயே வேகமாக ஓட்டுபவன்.

மேஜையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முன் அவர்கள் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஏதோ ஒரு பழைய பாதை என்று சொல்லி முடித்திருக்கலாம். நான் கணவாயைப் பற்றி, உச்சியிலிருந்து தெரியும் ஆற்றைப் பற்றி, பாறை இடுக்கைப் பற்றி விவரமாகச் சொன்னேன். அன்று மாலையே அந்த வழிக்கு ஒரு பெயர் வைத்து, படங்களோடு எல்லாரும் பார்க்கும்படி போட்டேன். பாராட்டு வந்து குவிந்தது. முன்பின் தெரியாதவர்கள்கூட நன்றி சொன்னார்கள். திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். அக்காவின் ஞாபகம் வராமல் இல்லை. சைக்கிள்காரர்கள் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து ஆபீஸ் வேலையும் மழையும் சேர்ந்து இரண்டு மாதம் நான் போகவில்லை. ஒரு நாள் நான் போட்ட வழிக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "கேட் போட்டுட்டாங்க. போக வேண்டாம். வேஸ்ட்."

அந்த ஞாயிறு போனேன். கணவாய் வாயில் அகழி வெட்டி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. சுற்றிலும் சிப்ஸ் பாக்கெட்டும் சைக்கிள்காரர்கள் உறிஞ்சும் எனர்ஜி ஜெல் உறையும் கிடந்தன. அக்காவை மெயின் ரோட்டில் பார்த்தேன். லாரிகளுக்கு ஓரமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஆடுகள் குறைந்திருந்தன.

"யாரோ ஒருத்தன் போன்ல போட்டுட்டானாம் சார். ஞாயித்துக்கெழமைன்னா கும்பல் கும்பலா வந்தானுங்க. ஒருத்தன் செனை ஆட்டு மேல ஏத்திட்டான். காலு போச்சு." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். "நீயும் சைக்கிள்ளதான வர. ஒனுக்குத் தெரிஞ்சவனுங்களா அவனுங்க?"

"தெரியலைக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவை நீக்கினேன். அதற்குள் எத்தனையோ பேர் நகல் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று ஒரு மனு எழுதி, அக்காவை வன அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"இவங்க வருஷக்கணக்கா போறது எங்களுக்கும் தெரியும் சார். இப்ப ஒருத்தருக்குத் திறந்தா அத்தனை பேரும் வருவாங்க. இந்த வழிய முதல்ல யாரு வெளிய சொன்னாங்கன்னு தெரியுமா?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "அதெல்லாம் இவுருக்கு இன்னா தெரியும்? இத்தினி பேர்ல இவுரு ஒருத்தருதான் சொன்ன சொல்லக் காப்பாத்துனாரு."

நான் மேஜையில் கிடந்த மனுவில் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவாயின் கதவு திறக்கவில்லை.

தினமும் பதினான்கு கிலோமீட்டர் நடக்க அவர் முட்டி இடம் கொடுக்கவில்லை. தை மாதத்துக்குள் மிச்ச ஆடுகளையும் விற்றுவிட்டார். போன மாதம் கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். புடவைக்கு மேல் நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. ஏதோ கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை.

"ஏசி போட்டு வச்சிக்கினு கீறாங்க சார். கையி காலு வெறைக்குது" என்றார். "நீ நல்லாக்கீறியா?"

அவருடைய வேன் வர நேரமாகும் என்றார். நிழலில் இருவரும் நின்றோம். கால் மணி நேரம் இருக்கும். அப்போது சொல்லியிருக்கலாம். மகளுக்குப் பிள்ளை பிறந்ததைப் பற்றிக் கேட்டேன். முட்டி வலிக்கு மருந்து கேட்டார், பெயர் சொன்னேன். பிறகு வேன் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததைக் கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் இதை இங்கே எழுதிவிட்டேன் என்பது அவரிடம் சொன்னதாக ஆகாது.