பாதியாய் வெட்டிய குளிசைக் காட்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் என் டாக்டரின் பிராக்ஸிஸுக்கு, அதாவது அவருடைய மருத்துவ நிலையத்துக்கு, தொலைபேசி எடுத்தால் முதலில் பேசுவது ஒரு மெஷின். வழக்கமாக எடுக்கும் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, முடிந்துவிட்டதென்றால் பெயர், பிறந்த தேதி, குளிசையின் பெயர் மூன்றையும் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். நானோ அதற்கும் காலை வணக்கம் சொல்லி, சுகமா என்று கேட்ட பிறகுதான் விசயத்துக்கு வருவேன். ஊரில் தபால்காரரிடம்கூட வீட்டுச் சுகம் விசாரிக்காமல் கடிதம் வாங்கிப் பழக்கமில்லையே. அந்தப் பதிவைக் கேட்டு எழுதுகிற வரவேற்பாளர் அம்மா ஃபிரவ் கெல்லர் என்னைக் கண்டதும், "மெஷின் நலமாக இருக்கிறது, ஹெர் யோகநாதன்" என்று சிரிப்பார்.

ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. கணினியைப் பார்த்தபடி, "போன முறை தந்தது நூறு குளிசை, நாளுக்கு ஒன்று. இன்னும் ஏழு வாரத்துக்கு மிச்சம் இருக்க வேண்டுமே? டாக்டர் உங்களைப் பார்க்காமல் ரெசெப்ட், மருந்துச் சீட்டு, தர முடியாது" என்றார். மறதியில் நாளுக்கு இரண்டாக விழுங்குகிறேனோ என்பது அவர் பயம். எனக்கு வேர்த்ததற்குக் காரணம் வேறு.

என் பக்கத்து வீட்டில் இருப்பவர் மன்னார் அந்தோனி அண்ணை. உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறார். டாக்டர் வாசலை மிதித்துப் பல வருடம். என் வீட்டு இரத்த அழுத்த மெஷினில் கையை வைத்துப் பார்த்தபோது அவருக்கும் என்னைப் போலவே பிறஷர் கூட இருந்தது. "டாக்டரிட்டப் போனா இல்லாத வருத்தமெல்லாம் கண்டுபிடிப்பினம். உன்ரயில பாதியைத் தா" என்றார். ஊரில் மருந்துக்கடைக்காரர் குளிசைக் காட்டை, அந்த மாத்திரை அட்டையை, கத்தரிக்கோலால் வெட்டி, கேட்ட அளவு தருவார். அந்தப் பழக்கத்தில் நானும் வெட்டினேன். கறி வைத்தால் ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குப் போவதுபோலத்தான் இதையும் நினைத்தேன்.

டாக்டர் அம்மாவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாதியை அண்ணைக்குக் கொடுத்தேன்" என்றேன். அவர் ஏசுவாரென்று குனிந்திருந்தேன். "அவரைக் கூட்டி வாருங்கள். இன்றைக்கே" என்றார், அவ்வளவுதான்.

"என்னைக் காட்டிக் குடுத்திட்டியே, யோகன்!" என்றார் அண்ணை, வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொன்னதும்.

"ஓம் அண்ணை, குடுத்திட்டன். சேர்ட்டைப் போடுங்கோ, வெளிக்கிடுவம்."

இரத்தம் எடுத்தார்கள். அடுத்தநாள் திரும்பப் போனபோது முடிவு வந்திருந்தது: அண்ணையின் சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருக்கிறது, என் குளிசை அவருக்கு ஆகவே ஆகாது. இன்னும் சில மாதம் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமென்று கேட்டேன். "நல்லவேளை வந்துவிட்டார்" என்று மட்டும் சொன்னார் டாக்டர். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணை, "இல்லாததைக் கண்டுபிடிக்கேல்லையடா, இருந்ததைத்தான் பிடிச்சிருக்கிறா" என்று என் தோளில் தட்டிச் சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேருமாகக் காப்புறுதி அட்டையுடன் போகிறோம். ஃபிரவ் கெல்லர் எங்களை உடன்பிறந்தவர்கள் என்றே நினைத்திருக்கிறார், இருவருமே திருத்தவில்லை. மெஷினில் நான் இரண்டு பெயருக்கும் குளிசை சொல்லும்போது பின்னால் நின்று, "சுகமோ எண்டும் கேள்!" என்று கத்துவார் அண்ணை.

காலையில் தன் குளிசைப் பெட்டியோடு என் மேசைக்கு வந்துவிடுவார். அவர் பெட்டி அந்த ஓரம், என்னுடையது இந்த ஓரம். இந்த நாட்டுச் சட்டப்படி ஒன்றையொன்று தொடாது. விழுங்கி முடித்ததும் தேத்தண்ணிக்கு வைத்த ஒரே பிஸ்கட்டை அண்ணை இரண்டாக உடைப்பார். பெரிய பாதி எப்போதும் என் பக்கம் நகரும்.