மூன்றாவது அழைப்பு

மலாயர் ஊர்ப் பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் சினேகிதி மஹ்லகா மனநல ஆலோசகர். ஆசிரியர் அறையில் ஓர் அலமாரியைக் குறுக்கே போட்டு, அந்தப் பக்கத்தை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருக்க நானும் மெனக்கெட்டதில்லை.

அப்பா அம்மா பிரிந்துபோன பிள்ளைகள்தான் அவளிடம் வருவார்கள். ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, உனக்காகக் காத்திருக்கும் ஒருவரின் பெயரை எழுது என்பாள். வாழ்வதற்கு ஓர் அர்த்தம் அங்கிருந்துதான் கிடைக்கும் என்பது அவள் கட்சி. காகிதத்தில் என்ன கிடைக்கும் என்று நான் கிண்டல் செய்வேன். அவள் மணமாகாதவள், வசந்தத்தில் பிறக்கும் எங்கள் புத்தாண்டு ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுப் பண்டிகை விரிப்பில்தான் வந்து உட்காருவாள். வருஷம் பிறக்கும் நொடியில் எல்லோரும் கட்டிக்கொள்ளும்போது, அவள் கண் தொலைபேசியின் மேல் இருக்கும்.

புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கையில், பர்னியான் என்ற பதினைந்து வயதுப் பெண் காகிதத்தில் எதுவும் எழுதாமல் நீட்டினாள். மறுமணம் செய்துகொண்ட அம்மா புத்தாண்டுக்குக் கூப்பிட்டாளாம். இவள் இரண்டு முறை வேண்டாம் என்றாளாம். எங்கள் ஊரில் முதல் இரண்டு 'வேண்டாம்' கணக்கிலேயே சேராது, மூன்றாம் முறையும் கூப்பிட்டால்தான் மெய்யான அழைப்பு. எடுத்தவுடன் சரி என்பவளை அலைகிறாள் என்பார்கள்.

"மூணாவது தடவ கூப்பிடவே இல்ல, மஹ்லகா கானும். அப்போ சும்மா மரியாதைக்குத்தான கூப்பிட்டிருக்காங்க?"

பதினாறு வயதில் தன் அம்மா கூப்பிட்டபோது தானும் இப்படியே இரண்டு முறை மறுத்ததாகவும், மூன்றாவது அழைப்பு இன்னும் வரவில்லை என்றும் மஹ்லகா சொன்னாள். இருபது வருஷச் சினேகிதி, என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

"நீங்க திருப்பிக் கேட்டீங்களா?" என்றாள் பர்னியான்.

மஹ்லகா ஃபோனை எடுத்தாள். பக்கத்து ஊரான ஹமதானில் இருக்கும் அவள் அம்மாவுக்குக் காது மந்தம். இருவரும் கத்திப் பேசியது அலமாரியைத் தாண்டிக் கேட்டது. புத்தாண்டுக்கு வருகிறேன் என்றாள் மகள். வழியெல்லாம் பனி, உனக்கு எதுக்குச் சிரமம் என்றாள் தாய். மறுபடியும் சொன்னாள். உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், வேண்டாம் என்றாள் தாய்.

இவள் இப்போது ஃபோனை வைத்துவிட்டால், அதன்பின் சாகும்வரை எடுக்கமாட்டாள். எழுந்து போய் உலுக்கலாமா என்று இருந்தது.

"அம்மா, மூணாவது தடவயும் சொல்றேன். நான் வர்றேன்."



"புத்தாண்டுக்கு வீட்டு ஆளுக்கு ஒண்ணுன்னு முட்டைக்குச் சாயம் போடுவேன்ல," என்றாள் தாய். "உனக்கும் சேத்துத்தான்டி போடுறேன். நீ வராத முப்பத்தெட்டு வருஷமும்."

மஹ்லகா வாய்விட்டு அழுதாள். மணி அடித்தும் நான் வகுப்புக்குப் போகவில்லை, எட்டிப் பார்த்தேன். பர்னியான் கையை நீட்டி அந்த ஃபோனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.