கீரிப்பாறை ஏற்றமும் என் பருத்திச் சட்டையும்

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, காலை 5.20. நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. தொழுகை முடிந்து வந்த இரண்டு பெரியவர்கள் எங்கள் சைக்கிள்களைப் பார்த்தபடி கடந்து போனார்கள். நானும் ரஹ்மத்தும் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பினோம். போக மட்டும் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். கடைசிப் பகுதி ஏற்றம்.

ரஹ்மத் என் கல்லூரித் தோழி. கோட்டாற்றில் பிறந்து அங்கேயே ஆசிரியையாக இருப்பவள். நான் திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாகக் காலையில் சைக்கிள் ஓட்டுகிற துணிச்சலில்தான் அவள் அழைத்ததும் வந்தேன். அவளுக்கோ இது ஒரு சோதனை ஓட்டம். அடுத்த வாரம் தன் தெருப் பெண்கள் ஒன்பது பேரை இதே வழியில் கூட்டிப்போக நினைத்திருந்தாள். வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று பல வீடுகளில் தயக்கம். நாங்கள் இருவரும் நல்லபடியாகத் திரும்பினால் அந்தத் தயக்கம் தீரும் என்று நம்பினாள்.

அவள் முழுக்கைச் சட்டை, தளர்வான கால்சட்டை, தலைத்துணி, அதன்மேல் ஹெல்மெட் என்று வந்திருந்தாள். என் உடம்பில் தடித்த பருத்தி டீ-சர்ட்டும் பருத்தி பேண்ட்டும். இத்தனையும் மூடிக்கொண்டு எப்படி ஓட்டுவாய் என்று கேட்டேன்.

"எவ்வளவு மூடுதுங்கறதுல ஒண்ணும் இல்ல, கேட்டியா. காத்து உள்ள போவுதா, ஈரம் வெளிய வருதா, அதான் விஷயம்" என்றாள்.

விளையாட்டுச் சட்டை தைக்கிற துணியைக் கோட்டாறு கடையொன்றில் மீட்டர் 160 ரூபாய்க்கு வாங்கி, அக்குளிலும் முதுகிலும் வலைத்துணி வைத்துத் தைத்திருந்தாள். எனக்கு அது ஒப்பவில்லை. பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று தொலைபேசியில் அவளுக்குப் பாடம் நடத்தியவள் நான்.

6.30, பூதப்பாண்டி. அறுவடை முடிந்த வயல்களுக்கு அப்பால் தாடகை மலை நீலமாகக் கிடந்தது. காற்று துளியும் இல்லை. டீ பன்னிரண்டு ரூபாய். என் டீ-சர்ட்டைப் பிழிந்தால் ஒரு தம்ளர் நிறையும் போலிருந்தது. ரஹ்மத் கடையின் பின்பக்கம் போய்த் தலைத்துணியை மாற்றிக்கொண்டு வந்து, ஈரத் துணியைக் கேரியரில் கட்டிக் காயவிட்டாள். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கிறது, போட்டுக்கொள் என்றாள். வேண்டாம் என்றேன். தண்ணீரும் அதிகம் குடிக்கவில்லை. வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயம். அதை அவளிடம் சொல்லவும் கூச்சம்.

7.40, தடிக்காரன்கோணம். தொடை உரசி எரியத் தொடங்கியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருக்கலாமே என்று அவள் சொன்னபோது அவளை முந்திக்கொண்டு மிதித்தேன். அங்கிருந்து சாலை மேலேறி ரப்பர் மரங்களுக்குள் நுழைகிறது. முந்தின இரவு பெய்த மழையில் மண் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நனைந்த சட்டை முதுகோடு ஒட்டி, மிதிக்க மிதிக்கக் கனத்தது. சற்று நேரத்தில் தலை வலித்தது. அந்தப் புழுக்கத்திலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. எப்படியோ இறங்கி, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மரங்களுக்கிடையே ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் வந்தார். பெயர் தங்கம், ஐம்பதைத் தாண்டிய வயது. புடவைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, இரண்டு பேர் நுழையலாம் போலத் தொளதொளவென்று. தன் தூக்குவாளியிலிருந்து உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பையக் குடி மக்கா. அதுக்கு முன்னால இந்தத் துணிய மாத்து. ஈரச்சாக்கு மாதிரில்லா ஒட்டிக் கெடக்கு."

ரஹ்மத்தின் மாற்றுச் சட்டையை அவர்கள் இருவரும் மறைத்து நிற்க மாற்றினேன். என்னால் அவள் திட்டம் கெட்டது என்று அப்போதுதான் அழுகை வந்தது.

"ஏட்டி, நீ தெளிஞ்சா போதும்" என்றாள் அவள். "மத்ததெல்லாம் கெடக்கட்டும்."

அரை மணி நேரத்தில் தலை தெளிந்தது. கீரிப்பாறைக்கு மூன்று கிலோமீட்டர்தான் பாக்கி. போய்விடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. கீழே இறங்கிக்கொண்டிருந்த லோடு ஆட்டோவை நிறுத்தி, ஐந்நூறு ரூபாய் பேசி, இரண்டு சைக்கிளையும் ஏற்றினாள். நீ மட்டுமாவது ஓட்டிக்கொண்டு போய்வா என்று நான் சொன்னதற்கும் மறுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் இருவருமே கீரிப்பாறையைப் பார்க்கவில்லை.

ஞாயிறு மாலை அந்த ஒன்பது பெண்களும் அவள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. சைக்கிள் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று நானே கேட்டேன்.

"பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனா அவங்களும் உன்ன மாதிரி தண்ணி குடிக்காம வருவாங்க" என்றாள்.

ஆகவே அவர்கள் வந்ததும் நானே சொன்னேன். பருத்தி மேலிருந்த பிடிவாதம், தொடை எரிச்சல், தண்ணீர் குடிக்காததன் காரணம், எல்லாம். கடைசியாகச் சொன்னதில்தான் பேச்சு பிடித்துக்கொண்டது. எல்லோர் மனதிலும் அதே பயம் இருந்திருக்கிறது. ஒருத்தியின் நாத்தனார் வீடு தடிக்காரன்கோணத்தில். அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் போகவேண்டாம், ஐந்து மணிக்கே கிளம்பலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். ஏழு பேர் துணிக்கடை எங்கே என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை ரயிலில் திருச்சி திரும்பினேன். மறுநாள் காலை அதே பருத்திச் சட்டையில் காவிரிக் கரையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நின்றபோது உடம்பு காய்ந்திருந்தது; நெற்றியில் உப்பு மட்டும் கரகரத்தது. எங்கள் ஊரில் வியர்வையை வறண்ட காற்று வந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நாஞ்சில் நாட்டில் அதற்கு நாமே வழி செய்துகொடுக்க வேண்டும். மூன்று வருடமாக அந்தக் காற்று செய்த வேலையை, நான் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.