கதவுக்கு வெளியே ஒரு பாட்டு

இந்த 2000 ஜனவரி ஆறாம் தேதி ஐசலினிலிருந்து நியூவர்க் போய் வந்தேன். ஜோவாகிம் என்ற பிரேசில்காரரின் பாட்டுக்கு ஒருமுறையாவது நான் கதவைத் திறக்கவேண்டும் என்று மூன்று வருஷமாக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் இப்போது இல்லை.

எங்கள் அபார்ட்மென்டில் எதிர்வீட்டுக்காரர் அவர். காப்பித் தோட்டத்தில் பிறந்து, அப்பாவிடம் பத்துத் தந்தி கித்தார் பழகியவர். இங்கே வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தார். சாயங்காலம் பால்கனியில் வாசிப்பார். நான் இந்தப் பக்கம் கீரை ஆய்வேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. அவர் வாசிக்காத நாளில் எனக்குக் கீரையில் கை ஓடாது.

கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி ஆறு வரை, குழந்தை ஏசுவைப் பார்க்கப்போன மூன்று ராஜாக்களின் நினைவாக, அவரும் அவர் ஊர்க்காரர்களும் கொடி பிடித்து, சிலர் முகமூடி போட்டு, வீடு வீடாகப் போவார்கள். மூடிய கதவின் முன் நின்று பாடுவார்கள். வீட்டுக்காரர் திறந்து, கொடியை வாங்கி, உள்ளே கூப்பிடவேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில் எங்கள் வாசலுக்கும் வந்தார்கள். என் மகன் செந்தில் கதவுத் துளையில் பார்த்துவிட்டு, “அம்மா, தொறக்காதீங்க! யாரோ மாஸ்க் போட்டுட்டு நிக்கறாங்க” என்றான். அந்தத் தந்திச் சத்தம் எனக்குத் தெரியும். ஆனால் தாழ்ப்பாள் மேல் அவன் கை. பாதிப் பாட்டோடு போய்விட்டார்கள். அந்த மாதமே ஜோவாகிம் நியூவர்க்குக் குடிபோனார். அன்றிலிருந்து செந்திலுக்கு ரசத்தில் பூண்டு கிடையாது.

போன ஐப்பசியில் அவர் மகள் லூசியா வந்தாள். அப்பா போய்விட்டார், கித்தாரை இப்போது நான்தான் வாசிக்கிறேன், ஆறாம் தேதி சர்ச் ஹாலில் பாடுகிறோம், வாருங்கள் என்றாள்.

மெட்ரோபார்க்கில் ரயில் ஏறினால் நியூவர்க் பென் ஸ்டேஷனுக்கு இருபத்தைந்து நிமிஷம். வயசானவர்களுக்கு அரை டிக்கெட், கேட்டால்தான் கொடுப்பார்கள். அங்கிருந்து பத்து நிமிஷ நடை.

போனால், கச்சேரி மாதிரி நாற்காலி போட்டு உள்ளேயே பாடத் தயாராக நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“லூசியா, நோ! யூ அவுட்சைட். ஐ டோர்.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் வெளியே கூட்டிப்போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

அதே தந்தி. அதே பாட்டு. நடுவில் கதவு தட்டும் சத்தம். ஆபீஸ் முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்த செந்தில்.

“அம்மா, கதவைத் தொறங்க! ஃப்ரீஸ் ஆகுது!”

“நில்லுடா. அன்னைக்குப் பாதியில போனது இன்னைக்கு முழுசா வரட்டும்.”

முடிந்தபின் திறந்தேன். கொடியை வாங்கிக்கொண்டேன். லூசியா, முகமூடிக்காரர்கள், மூக்குச் சிவந்த செந்தில், எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

நீங்கள் போவதானால் ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள், தெருவில் காற்று கடிக்கும். ஹாலில் ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது. அன்று அது குளிர்ந்ததற்கு நான்தான் காரணம்: எல்லோரும் வந்த பிறகும், இன்னும் ஒருவர் வரவேண்டியிருப்பதுபோல் கதவைச் சாத்தாமலே நின்றுகொண்டிருந்தேன்.