வண்டி நிறுத்தும் இடம்

பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் பிசியோதெரபி கிளினிக் தொடங்க என் மகள் விண்ணப்பித்திருந்தாள். இடம் பார்க்க வந்த பஞ்சாயத்து ஓவர்சியர், டேப்போடு முற்றத்து மூலையில் போய் நின்றார்.

“வண்டி நிறுத்த இந்த எடம் மதி, போதும். இது இல்லேங்கில் அனுமதி கிட்டாது.”

எங்கள் பக்கம் இறந்தவர்களை வீட்டு நிலத்திலேயே புதைப்பது வழக்கம். மகள்தான் சொன்னாள்: “சாறே, நீங்க நிக்கது அம்மைக்க மேலயாக்கும்.”

அவர் பதறி விலகினார். வேறு இடமும் இல்லை. மகள் என்னைப் பார்த்தாள். பக்கவாதத்தில் விழுந்த என் மனைவி, நடக்கப் பழக்க ஆளில்லாமல் படுக்கையிலேயே போனவள்.

“அவ ஒண்ணும் சொல்லமாட்டா மக்கா” என்றேன்.

இப்போது ஆட்டோக்கள் அங்கேதான் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பின்னால் நகரும்போது “மெதுவா, மெதுவா” என்று கத்திவிடுகிறேன்.

“மதில்ல முட்டாது மாமா” என்று ஓட்டுநர்கள் சிரிக்கிறார்கள். நான் மதிலைப் பார்ப்பதே இல்லை.